பழைய காஸெட்டும் புது டி.வி.யும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையும், கையில் ஒரு மஞ்சள் துணிப்பையுமாக வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னடி கண்ணு, வீட்ல ஏதாவது தகராறா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல அத்தை. இதைப் பாருங்க" என்று பையிலிருந்து ஒரு காஸெட்டை எடுத்து வைத்தாள். கறுப்பு வி.எச்.எஸ். காஸெட். முதுகில் நீல மையால் 'பாப்பா காதுகுத்து, 1996' என்று எழுதியிருந்தது. அந்தப் பாப்பா இவள்தான்!

விஷயம் இதுதான். இவளுடைய அம்மா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. போட்டோ நிறைய இருக்கிறது. ஆனால் குரல்? கல்யாண வீடியோவில் முழுக்க முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் பேசிச் சிரித்து நடமாடுவது இந்தக் காதுகுத்து காஸெட்டில் மட்டும்தான். குழந்தைக்கு இப்போது நாலு வயசு. "அம்மாச்சி எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டிருக்கிறது. உடனே இவள் பிறந்த வீட்டுப் பரணிலிருந்து பழைய வி.சி.ஆரையும் காஸெட்டையும் கொண்டுவந்து, புது டி.வி.யில் மாட்டிப் பார்த்திருக்கிறாள்.

"முதல்ல ஒண்ணுமே வரல அத்தை. அப்புறம் கறுப்பு வெள்ளையா வந்துச்சு. அப்புறம் ஒரே புள்ளி புள்ளியா, மணலை வாரி இறைச்ச மாதிரி. கடையில கேட்டா, 'டேப் போயிடுச்சும்மா, தூக்கிப் போடுங்க'ன்னு சொல்லிட்டாங்க."

"எத்தனை தடவை போட்டுப் பார்த்தே?"

"ஒரு ஏழெட்டுத் தடவை இருக்கும்."

எனக்குப் பகீரென்றது. காரணம் இருக்கிறது. என் அப்பாவின் அறுபதாம் கல்யாணக் காஸெட்டை 2008-ல் நானே பாழாக்கினேன். பல வருஷம் ஓடாமல் கிடந்த டெக்கில், படம் சரியில்லை சரியில்லை என்று திருப்பித் திருப்பிப் போட்டேன். நாலாவது தடவை உள்ளே 'கரகர' என்று ஒரு சத்தம். டேப் சுருண்டு சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அவசரப்பட்டு இழுத்தேன். அப்பா மாலையும் கழுத்துமாக நிற்கும் இடத்தில் டேப் நார்நாராய்ப் போயிற்று. கோளாறு கடைசியில் எதில் இருந்தது தெரியுமா? டெக்கின் ரப்பர்ப் பட்டையில்! காஸெட் அதுவரை நன்றாகவே இருந்தது.

ஆகையால் சகோதரிகளே, இந்த இதழில் டெக்கும் டி.வி.யும்தான் பேச்சு. 'டெக்' என்றால் இளைய சகோதரிகளுக்குப் புரியாமல் இருக்கலாம். வி.சி.ஆரை அந்த நாளில் அப்படித்தான் சொல்வோம். வாடகைக்கு டெக் எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் அது. வி.எச்.எஸ். முறை ஜப்பானில் 1976-ல் வந்தது. கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஃபூனாய் என்ற ஜப்பானியக் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனிமேல் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால்தான் உண்டு.

முதல் காரியம், காஸெட்டை எடுத்து வைப்பது

படம் சரியாக வரவில்லையென்றால் குற்றவாளி மூன்று பேரில் ஒருவர்: காஸெட், டெக், அல்லது டெக்குக்கும் டி.வி.க்கும் நடுவில் உள்ள இணைப்பு. யார் என்று கண்டுபிடிக்கும்வரை அருமையான காஸெட்டை உள்ளே போடவே கூடாது. புதுச் சோப்புத்தூளைச் சோதிக்கப் பட்டுப்புடவையையா நனைப்போம்? கந்தலைத்தானே நனைப்போம்! அதுபோலப் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய சினிமா காஸெட்டைத் தேடி எடுங்கள். சோதனையெல்லாம் அதில்தான்.

நல்ல காஸெட்டுக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். லேபிள் ஒட்டும் முதுகுப் பக்கத்தில், இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இன்னும் உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். உடைத்தபின் கைதவறி 'ரிக்கார்ட்' பட்டனை அழுத்தினாலும் பழைய படம் அழியாது.

இரண்டாவது, ஜன்னல் போன்ற கண்ணாடி வழியாக உள்ளே சுற்றியிருக்கும் டேப்பை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று கறுப்பாக இருந்தால் நல்லது. ஊறுகாய் மேல் படிகிற மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, அதுவும் கடலோர ஊர்களில், இது சகஜம். பூஞ்சை பிடித்த காஸெட்டை ஓட்டவே கூடாது. டேப்பும் கெடும், டெக்கும் அழுக்காகும், அடுத்து போடும் காஸெட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். வாயால் ஊதவும் வேண்டாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கும் இழுப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, டேப்பைச் சுத்தம் செய்து நகல் எடுத்துத் தருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இவள் காஸெட்டைப் பார்த்தேன். நல்லவேளை, பூஞ்சை இல்லை. "இது இனிமே என் பீரோவில இருக்கட்டும். கேட்டாலும் தரமாட்டேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். என்னிடமிருந்த ஒரு பழைய சினிமா காஸெட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம்.

ஒயரில் ஆரம்பியுங்கள்

டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிலவற்றில் சிவப்பு என்று வட்டமான துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு. மற்றவை சத்தத்துக்கு. 'அவுட்' என்று எழுதிய துளையில்தான் ஒயரைச் சொருக வேண்டும். 'இன்' என்பதில் சொருகினால் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் படம் வராது. மஞ்சளும் வெள்ளையும் இடம் மாறினால் படம் வராமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று ஒரு இரைச்சல் மட்டும் வரும்.

டி.வி. பக்கம்தான் இப்போது குழப்பம் அதிகம். மூன்று விதமாக இருக்கலாம்.

ஒன்று, பழையபடி மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். சிரமமில்லை.

இரண்டு, 'ஏ.வி. இன்' என்று எழுதிய ஒரே ஒரு சின்னத் துளை. இயர்போன் துளை மாதிரி இருக்கும். டி.வி. பெட்டியோடு இதற்கென்று ஒரு குட்டி ஒயர் கொடுத்திருப்பார்கள். அதையே போடுங்கள். பார்க்க அதேபோல் இருக்கும் வேறு ஒயரில் உள்இணைப்பு மாறியிருக்கலாம். அப்படி மாறினால் படம் வராது. வந்தாலும் உருளும். பின்னை 'டக்'கென்று உட்காரும்வரை அழுத்துங்கள். பாதி சொருகிய பின்னால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல!

மூன்று, எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் உள்ள டி.வி. இதற்கு நடுவில் ஒரு சின்ன மாற்றுப்பெட்டி வேண்டும். வாங்கும்போது ஜாக்கிரதை. ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவது ஒன்று, எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்குவது இன்னொன்று. இரண்டும் இரட்டைக் குழந்தைகள் மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது முதல் வகை. இதற்குத் தனியாகக் கரண்டும் வேண்டும். கூட வரும் யு.எஸ்.பி. ஒயரை, போன் சார்ஜரில் சொருகினால் போதும்.

பிறகு ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்தி, எந்தத் துளையில் சொருகினோமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவள் முதலில் "ஒண்ணுமே வரல" என்றது இதனால்தான். டி.வி. எச்.டி.எம்.ஐ.யில் இருந்தது, ஒயர் ஏ.வி.யில் இருந்தது. வாசலில் விருந்தாளி நிற்க, கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் எப்படி?

கறுப்பு வெள்ளையாக வந்தால்

கலர் காஸெட் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் பலர் டேப் வெளுத்துப்போனதாக நினைக்கிறார்கள். துணி வெளுக்கிற மாதிரி டேப்பில் கலர் மட்டும் தனியாக வெளுத்துவிடாது.

சில டி.வி.களில் மஞ்சள் துளை தனியாக இருக்காது. பச்சைத் துளையே இரண்டு வேலைக்கும் இருக்கும். மஞ்சள் பின்னை அதில் சொருகிவிட்டு, 'சோர்ஸ்' பட்டியலில் 'காம்பொனென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் வரும், கலர் வராது. 'ஏ.வி.' என்று மாற்றினால் சரியாகிவிடும். இவள் வீட்டில் அதுதான் நடந்தது. மாற்றியதும் கதாநாயகியின் புடவை பச்சை என்று தெரிந்தது!

அப்படியும் கலர் வராவிட்டால் டி.வி. மெனுவில் 'கலர் சிஸ்டம்' என்ற இடத்தைப் பாருங்கள். 'ஆட்டோ' அல்லது 'பால்' என்று இருக்க வேண்டும். இது குடிக்கிற பால் இல்லை, கலர் முறையின் பெயர். நம் நாட்டிலும், இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலும் பழைய டி.வி. ஒளிபரப்பு இந்த 'பால்' முறையில்தான். ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படம். அமெரிக்கா, கனடாவில் 'என்.டி.எஸ்.சி.' முறை, 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 30 படம். அமெரிக்காவிலிருந்து அண்ணனோ தம்பியோ அனுப்பிய காஸெட், 'பால்' மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் உருளும், கலர் போகும். அதில் காஸெட்டின் குற்றமோ டெக்கின் குற்றமோ இல்லை. பாஷை தெரியாத இரண்டு பேர் பேசிக்கொள்கிற கதைதான். இரண்டு முறையும் தெரிந்த டெக் வேண்டும்.

கோடும் மணலும்

ஒயர் சரியானபின் கலர் வந்தது. ஆனால் அந்தச் சினிமா காஸெட்டிலும் அதே மணல். நான் கை தட்டிவிட்டேன். "என்ன அத்தை, இதுவும் வரலியே, நீங்க சிரிக்கிறீங்க?" என்றாள்.

"அடி பைத்தியமே! இந்தக் காஸெட்டிலும் மணல்னா, கோளாறு டெக்கிலதான்னு அர்த்தம். உங்கம்மா காஸெட் அநேகமா நல்லாத்தான் இருக்கும்."

இதை மட்டும் மனசில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் காஸெட் போட்டாலும் ஒரே கோளாறு என்றால் சந்தேகம் டெக் மேல். ஒரே ஒரு காஸெட்டில் மட்டும் என்றால் அந்தக் காஸெட் மேல். படமே வராவிட்டால் முதல் சந்தேகம் ஒயர் மேல்.

டெக்குக்குள் நடப்பது இதுதான். அரை அங்குல அகல டேப், சாய்வாக நிற்கும் ஓர் உருளையைச் சுற்றிப் போகிறது. அந்த உருளை நிமிஷத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. அதில் பதித்த மிகச் சிறிய 'ஹெட்'கள் டேப்பில் சாய்சாய்வான கோடுகளாக எழுதியிருப்பதைப் படிக்கின்றன. ஹெட்டில் அழுக்கு அடைத்தால் படம் முழுக்க மணல். சத்தத்தைப் படிக்கும் ஹெட் வேறு என்பதால், சாதாரணமாகச் சத்தம் மட்டும் நன்றாகவே கேட்கும். சத்தம் நன்றாக இருந்து படம் முழுக்க மணலாக இருந்தால் முதல் சந்தேகம் ஹெட் அழுக்குதான்.

பஞ்சு சுற்றிய குச்சியால் நாமே துடைக்கலாமா? கூடவே கூடாது. பஞ்சு நூல் மாட்டி ஹெட் உடைந்துவிடும். மூடியைத் திறப்பதும் ஆபத்து, உள்ளே மெயின் கரண்ட் இருக்கிறது. டெக் வேலை தெரிந்த பழைய ரிப்பேர்காரர் யாராவது இன்னும் உங்கள் ஊரில் இருப்பார். சுத்தம் செய்யக் கொடுக்கும்போதே, "ரப்பர்ப் பட்டையும் அழுத்தும் ரோலரும் நல்லா இருக்கான்னு பாருங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். என் அப்பா காஸெட்டைத் தின்றது அந்த ரப்பர்தான். பரணிலிருந்து இறக்கிய டெக்கை, முக்கியமாக மழை நாளில், உடனே ஓட்டவும் வேண்டாம். ஒரு நாள் காற்றாட வைத்தால் உள்ளே உள்ள ஈரம் காயும்.

படம் முழுக்க இல்லாமல், குறுக்கே ஒரு பட்டையாக மணல் ஓடினால் அது வேறு சமாசாரம். அதற்கு 'டிராக்கிங்' என்ற பட்டன் இருக்கிறது. ஒருத்தி போட்ட கோலத்தின் மேலேயே இன்னொருத்தி கை வைத்துப் போட்டால் கோடு கொஞ்சம் தள்ளித்தானே போகும்? ஒரு டெக் எழுதியதை இன்னொரு டெக் படிக்கும்போது அதே கதை. டிராக்கிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் மாற்றினால் அந்தப் பட்டை மேலேயோ கீழேயோ நகர்ந்து மறையும். பார்த்து முடித்ததும் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இவை கோளாறே அல்ல

எல்லாம் சரியானபின்னும் "படம் தெளிவா இல்லையே!" என்று தோன்றும். வி.எச்.எஸ். படத்தில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவு நுணுக்கம்தான் உண்டு. இன்றைய 4கே டி.வி.யில் குறுக்கே 3840 புள்ளிகள். பாஸ்போர்ட் போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? அதுதான் இது. அன்று 20 அங்குல டி.வி.யில் குறை தெரியவில்லை. இன்று தெரிகிறது.

அதற்கும் கைப்பக்குவம் உண்டு. பட அளவை 4:3 என்று வையுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். 'ஷார்ப்னஸ்' கூட்டினால் தெளிவு கூடாது, மணல்தான் கூடும். ஆகவே குறையுங்கள். 'விவிட்' என்ற பளபளப்பு முறையை விட்டு 'ஸ்டாண்டர்ட்'க்கு வாருங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போடுங்கள்.

படத்தின் அடிவிளிம்பில் மெல்லிசாக ஒரு ஆட்டம் தெரியும். அது எல்லா டெக்கிலும் உண்டு. பழைய டி.வி. ஓரத்தைக் கொஞ்சம் மறைத்தே காட்டியதால் நம் கண்ணில் படவில்லை. நடுநடுவே திரை நீலமாகி 'சிக்னல் இல்லை' என்று வந்தாலும் டேப் அங்கே காலி என்று முடிவு கட்ட வேண்டாம். டேப் கொஞ்சம் தடுமாறினால் பழைய குழாய் டி.வி. பொறுத்துக்கொள்ளும். இன்றைய டி.வி.க்கு அந்தப் பொறுமை கிடையாது!

ஒரே ஓட்டம்

பத்து நாள் கழித்து டெக் சுத்தமாகித் திரும்பி வந்தது. முதலில் சினிமா காஸெட்டையே அரைமணி நேரம் ஓட்டினோம். வெளியே எடுத்து, மூடியைத் தூக்கி டேப்பில் மடிப்போ கீறலோ இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. அதன் பிறகுதான் பீரோவைத் திறந்தேன்.

நல்ல காஸெட்டை ஓட்டும் முதல் ஓட்டத்திலேயே நகலும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்டளை. டெக்கின் மஞ்சள், வெள்ளை ஒயரைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் யு.எஸ்.பி. கருவி கடைகளில் கிடைக்கிறது. அவள் வீட்டுக்காரர் வாங்கி வந்து, சினிமா காஸெட்டில் ஒத்திகையும் பார்த்துவிட்டார். காதுகுத்துக் காஸெட்டை ஒரு தடவை முன்னால் முழுக்கச் சுற்றி, பின்னால் முழுக்கச் சுற்றினோம். பல வருஷம் அசையாமல் இருந்த டேப் சீராகும். பிறகு 'பிளே' அழுத்தினாள். அவள் கை நடுங்கியது.

முதலில் சாம்பல் நிறம். குறுக்கே ஒரு பட்டை. டிராக்கிங்கை இரண்டு தடவை தட்டினாள். பட்டை மெல்ல இறங்கி மறைந்தது. கோயில் மண்டபம், மாமன் மடியில் மொட்டைத்தலையோடு குழந்தை, பக்கத்தில் அரக்குப் புடவையில் அந்த அம்மாள். "ஆசாரி, பாப்பா பயப்படுது, சீக்கிரமா குத்திடுங்க. ஏங்க, அந்த வாழைப்பழத்தைக் கொஞ்சம் கொடுங்க" என்று குரல், முப்பது வருஷம் தாண்டிக் கணீரென்று வந்தது.

யாரும் பேசவில்லை. நாலு வயசுக் குட்டிதான் முதலில் வாயைத் திறந்தது. "அம்மா, அம்மாச்சி உன்னை மாதிரியே பேசறாங்க!"

அன்றைக்கே மூன்று நகல். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று தம்பி வீட்டில். முழுக்க ஓட்டிப் பார்த்துச் சரியென்றபின் காஸெட்டைப் பின்னால் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஈரமில்லாத அலமாரியில் வைத்தோம். ஸ்பீக்கர் பக்கத்தில் காஸெட்டை வைக்காதீர்கள், அதில் காந்தம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் இறக்கிப் பாருங்கள். "டேப் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒயரைப் பாருங்கள், டெக்கைப் பாருங்கள், காஸெட்டுக்குக் கடைசியில் வாருங்கள். எனக்கு இந்த வரிசை 2008-ல் தெரிந்திருந்தால், இன்றைக்கு என் அப்பாவையும் மாலையும் கழுத்துமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.